ஆடி பிறக்காத கம்ப்யூட்டர்

என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் அறிக்கை நாலரைப் பக்கம். மூன்று மெயில் புரோகிராம்களை ஒப்பிட்டு, எது பயன்படுத்த எளிது, எது கடைக்கு ஏற்றது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கோடு போட்டு அட்டவணை வைத்திருந்தேன். அட்டவணைக்கு அடிக்குறிப்பும் உண்டு. அந்த நாலரைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி பொய். முதலாளி அறிக்கையைப் படித்தாரா என்றால், அந்த ஒரு வரியை மட்டும் படித்தார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. காஞ்சிபுரத்துப் பட்டுக் கடை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் வீடு வாலாஜாபாத். அப்பாவுக்கு அங்கே அரிசி மில்லில் வேலை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் பரீட்சை எழுதப் போன முதல் ஆள் நான். அதற்கு முன் போனவர்கள் சுண்ணாம்பு அடிக்கப் போனவர்கள். நான் பி.காம். முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்பும் படித்திருந்தேன். இந்த இரண்டையும் யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். தினம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பூக்கார அம்மாவுக்கு என் கணக்குப் பதிவியல் மார்க்கு மனப்பாடம்.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது வைகாசியில், கருட சேவைக் கூட்டம் வடிந்த வாரத்தில். நானும் அதே வாரம்தான் போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் எங்கள் இருவருக்கும் குங்குமம் கொடுத்தார். என்னுடையதை நானே வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டருக்கு அவர் வைத்துவிட்டார், திரைக்கு நட்ட நடுவில். அதைத் துடைக்க எனக்கு இரண்டு நாள் தைரியம் வரவில்லை. இரண்டு நாளும் எல்லாக் கடிதத்திலும் ஏழாவது வரி சிவப்பாகத் தெரிந்தது.

மேனேஜர் சின்ன காஞ்சிபுரத்து ஐயங்கார். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து கடையில் இருக்கிறவர். கடையில் எல்லோரும் அவரைச் 'சாமி' என்றும் முதலாளியை 'மொதலாளி' என்றும் கூப்பிடுவார்கள். நான் இரண்டு பேரையும் 'சார்' என்றேன். படித்தவள் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்பது என் எண்ணம். நான் ஒரு சார் சொன்னால் சில நாள் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதல் நாளே முதலாளி விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"தோ பாரும்மா. எல்லாக் கடக்காரனும் இன்டர்நெட்டு இன்டர்நெட்டுன்னு சொல்லிக்கினு திரியறான். வெளிநாட்டு ஆர்டரு அதுல வருதாம். எனுக்கும் வரணும். ஆவணி பொறக்கறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு வந்தா போதும். கம்ப்யூட்டரும் இருக்கும், நீயும் இருப்ப. வரலன்னா அத்த எம்பொண்ணு வூட்டுக்கு அனுப்பிடுவேன், பசங்க வெளயாடட்டும்."

"நான் சார்?"

"நீ எங்க போவப் போற? மேல மாடியில மடிக்க ஆளு பத்தல."

மாடியில் கல்யாணப் பார்ட்டி வந்து உட்கார்ந்தால் நாற்பது ஐம்பது புடவையைப் பிரித்துப் போட வைப்பார்கள். ஒன்று எடுப்பார்கள், அல்லது நாளைக்கு வருகிறோம் என்பார்கள். பிரித்ததையெல்லாம் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்க ஆறு பெண்கள் இருந்தார்கள். கேவலமான வேலை இல்லை. ஜரிகை ஒடியாமல் மடிக்க நல்ல கை வேண்டும், எனக்கு அந்தக் கை இல்லை என்பதும் உண்மை. ஆனால் அப்பா இதற்குள் மில் முழுக்க 'எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல வேல செய்யுது' என்று சொல்லி முடித்திருந்தார். லாரி டிரைவர்களிடம் சொல்லி, அது ஆரணி வரைக்கும் போயிருந்தது. அந்தச் செய்தியை இனி திரும்ப வாங்க முடியாது. எனவே ஆவணிக்குள் ஓர் ஆர்டர் வந்தே ஆக வேண்டும்.

இணைப்புக் கொடுக்க வந்த ஆள், மெயில் அனுப்ப மூன்று வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு இருக்குதா? அப்ப மூணுத்தயும் பாரு. பொடவ எடுக்கறவங்க ஒண்ணப் பாத்துட்டா எடுக்கறாங்க? பாத்துட்டு எது நல்லதுன்னு எழுதிக் குடு."

அறிக்கை என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டேன்.

மூன்றுக்கும் நானே பெயர் வைத்தேன். முதலாவது கறுப்புத் திரை. கறுப்பில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். மவுசுக்கு அதில் வேலையே கிடையாது. கடிதத்தைத் திறக்க ஒரு எழுத்து, மூட ஒரு எழுத்து, அனுப்ப இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினேன். வேகம் என்றால் அப்படியொரு வேகம். ஆனால் படம் காட்டாது. மாம்பழ மஞ்சளுக்கும் மஸ்டர்ட் மஞ்சளுக்கும் ஒரு மணி நேரம் சண்டை போடுகிற ஊரில், நிறத்தைக் காட்டாத புரோகிராமை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டாவது வலை மெயில். ஏதோ ஒரு தேசத்துக் கம்பெனி இலவசமாகக் கொடுப்பது. உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் திறக்கலாம். அதன் அருமை அவ்வளவுதான். எழுதி முடிக்கிற வரை போன் லைன் பிடித்தபடியே இருக்க வேண்டும். பக்கத்துச் செவிலிமேட்டில் தூறல் போட்டால் எங்கள் லைன் போய்விடும். அனுப்பு என்று அமுக்கும்போது லைன் இல்லையென்றால் அரை மணி நேரம் அடித்த கடிதம் மொத்தமும் மறைந்துவிடும். நகல் இருக்காது, அடையாளம் இருக்காது. போதாததற்கு நாலு பக்கமும் விளம்பரம் மின்னும்.

மூன்றாவது பெட்டி. அது எங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. லைன் இல்லாமலே நிதானமாக எழுதலாம், திருத்தலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று எடுத்து வைக்கலாம். எல்லாம் தயாரானதும் இரண்டு நிமிஷம் லைன் போட்டால், இருக்கிற கடிதங்கள் போகும், வர வேண்டியவை வரும். அனுப்பியதற்கெல்லாம் நகல் இருக்கும். ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனி அறை ஒதுக்கலாம். எனக்கென்று ஓர் அலமாரிகூட இல்லாத வீட்டிலிருந்து வந்தவள் நான். அந்தப் பெட்டியின் மேல் எனக்கு ஏற்பட்டதைக் காதல் என்றுதான் சொல்ல வேண்டும்.

எளிது என்றால் யாருக்கு எளிது என்று ஒரு கேள்வி வந்தது. எனக்கு எளிதாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை, நான் படித்தவள். எனவே மேனேஜரையும் முதலாளியையும் ஆளுக்கு அரை மணி நேரம் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார வைத்துப் பார்த்தேன். இப்படிச் செய்ய எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே யோசித்தது. அறிக்கையிலும் 'நானே யோசித்தது' என்று போட்டிருக்கிறேன்.

மேனேஜர் வலை மெயிலில் அனுப்பு பொத்தானைத் தேடிக்கொண்டே போய், பக்கத்தில் மின்னிய விளம்பரத்தை அமுக்கிவிட்டார். திரை முழுக்க நட்சத்திரம் பறந்தது.

"அம்மா, இங்க வாயேன். நான் பத்தாயிரமாவது ஆளாம். எனக்கு என்னமோ தரப்போறானாம்."

"அது சும்மா சார். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும்."

"எல்லாரும் எப்படிம்மா பத்தாயிரமாவதா இருக்க முடியும்?" என்று அவர் என் கணக்கறிவைச் சந்தேகத்தோடு பார்த்தார். அன்று தபால்காரர் வரும் நேரத்தில் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

முதலாளி கறுப்புத் திரையில் நன்றாகவே தேறினார். மவுசு பிடிக்க வேண்டாம் என்பதே அவருக்குப் பெரிய நிம்மதி. பெட்டியில் அவர் மவுசை மேசை விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போய், "எடம் தீந்துபோச்சும்மா, பெரிய மேசதான் வாங்கணும்" என்றார். தூக்கி வைத்துத் திரும்பத் தள்ளலாம் என்று காட்டினேன். "அத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா?" என்றார். கறுப்புத் திரை எளிது என்று முதலாளி தரப்பில் ஒரு குறி போட்டேன். ஆனால் முதலாளியா உட்கார்ந்து கடிதம் அடிக்கப் போகிறார்?

அட்டவணை பாதி நிரம்பியபோது சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. அங்கே புடவைக் கடை வைத்திருக்கிற ஒரு தமிழ் அம்மா. தீபாவளிக்கு நாற்பது புடவை வேண்டும், யாரோ எங்கள் கடையைச் சொன்னார்களாம். படமும் விவரமும் மெயிலில் அனுப்புங்கள், போனில் சொன்னால் மறந்துவிடும் என்றார். முதலாளி போனை வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டார். உடனே முகம் மாறிவிட்டது.

"சாமி, ஆடி பொறந்து மூணு நாளாவுதே."

மேனேஜர் பஞ்சாங்கத்தைத் திறக்காமலே தலையாட்டினார். புதுப் பார்ட்டிக்கு முதல் கடிதம் ஆடியில் போகக் கூடாது. அது கடையின் வழக்கம். அதைவிட வழக்கமானது, அதிலிருந்து தப்பிக்கும் வழி.

"கடுதாசிக்கு ஆனி கடைசி முகூர்த்தத் தேதியைப் போட்டு, பெருமாள் படத்தண்ட ஒரு நாழி வெச்சுட்டு, தபால்ல சேத்துட வேண்டியதுதானே," என்றார் மேனேஜர். "உங்கப்பா காலத்திலேருந்து அப்படித்தானே பண்ணிண்டிருக்கோம்."

"அப்படியே பண்ணும்மா. ஆனி தேதி போடு," என்றார் முதலாளி.

"தேதி நாம போட முடியாது சார். அதுவே போட்டுக்கும்."

"அதுவே போட்டுக்குமா? யாரக் கேட்டு?"

ஆறு மாத வகுப்பில் இதை யாரும் கேட்கவில்லை. மூன்று புரோகிராம்களிலும் போய்ப் பார்த்தேன். கறுப்புத் திரையில் தேதியைப் போடுவது சென்னையில் இருக்கிற கம்ப்யூட்டர். வலை மெயிலில் போடுவது அமெரிக்காவில் இருக்கிற ஏதோ ஒன்று.

"அமெரிக்காவில ஆடி உண்டோ?" என்றார் மேனேஜர், உண்மையான ஆவலோடு.

"கட இங்க இருக்குது சாமி. ஆடியும் இங்கதான் இருக்குது," என்று முதலாளி அந்த வழியை அடைத்தார்.

பெட்டி மட்டும் வேறு மாதிரி. அது எங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தேதி போட்டது. திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தை இரண்டு தடவை தட்டினேன். காலண்டர் திறந்தது. ஆனி கடைசி முகூர்த்த நாளில் வைத்தேன். ஒரு கடிதம் எழுதி எனக்கே அனுப்பிக்கொள்கிற மாதிரி வைத்துக் காட்டினேன். தலையில் ஆனித் தேதி நின்றது.

"பேஷ், பேஷ்," என்றார் மேனேஜர்.

"இதாண்டா புரோகிராமு!" முதலாளி நாற்காலியைத் தட்டினார். "படிச்ச பொண்ணுன்னா சும்மாவா? ஆடி முடியற வரிக்கும் அப்படியே இருக்கட்டும். அந்தம்மாவுக்கு எழுதறதெல்லாம் அதே நாளுலயே எழுது."

அப்படி ஒரு சொல்லுக்காக நான் கடிகாரத்தை வெள்ளைக்காரன் காலத்துக்கே திருப்பியிருப்பேன். 'தேதி நம் விருப்பம்' என்று அட்டவணையில் ஒரு புது வரிசை சேர்த்து, பெட்டிக்கு நேரே மூன்று நட்சத்திரம் போட்டேன்.

படம் எடுக்க நல்ல கேமரா கிடையாது. புடவையின் முந்தானையை மடித்து ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து, மேலே மூடியை அமுக்கிப் பிடித்து ஸ்கேன் செய்தேன். மயில் கழுத்து நிறம் திரையில் கறுப்பாக வந்தது. படத்துக்கு அடியில் 'நேரில் மயில் கழுத்து' என்று எழுதினேன். ஏழு படங்களும் போய்ச் சேரும்வரை கடை போன் வேலை செய்யவில்லை. 'அனுப்பியாயிற்று' என்று பெட்டி சொன்னது. அது பொய் சொல்லவில்லை. இதை நான் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு தினம் காலையில் வந்ததும் என் முதல் வேலை, கடிகாரத்தை அதே முகூர்த்த நாளுக்குத் திருப்புவது. வெளியே தெருவில் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்ற ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். உள்ளே எங்கள் கம்ப்யூட்டருக்கு ஆடி பிறக்கவே இல்லை. வருகிற கடிதங்களில் மட்டும் அவரவர் தேதி இருக்கும். அதனால் எங்கள் பெட்டிக்கு வந்தவையெல்லாம் இன்னும் வராத நாட்களிலிருந்து வந்த கடிதங்களாகத் தெரிந்தன. முதலாளி அதைக் கேட்டுச் சிரித்தார். "நம்ம கடைக்கு எல்லாம் முன்னாடியே வந்துடுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

சிங்கப்பூரிலிருந்து மட்டும் வரவில்லை.

ஒரு வாரம் போனது. ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். இன்னும் நாலு நாள் கழித்து மற்றொன்று. ஒரு போன் போட்டுக் கேட்கலாமே சார் என்றேன்.

"ஆர்டர் குடுக்கறவங்கதாம்மா பேசணும். நாமளே போய்ப் பேசனா எளப்பமாப் பூடும்," என்றார் முதலாளி. "புடிச்சிருந்தா பேசமாட்டாங்களா?"

ஆடி பாதிக்கு மேல் கரைந்தது. பட்டுக் கடைக்கு ஆடி என்றாலே ஈ ஓட்டுகிற மாதம். கல்யாணமில்லை, மாடியில் கூட்டமில்லை. மடிக்கிற பெண்களில் மூத்தவள் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கி வரும்போதெல்லாம் என் மேசையருகே நின்றுவிட்டுப் போவாள்.

"இன்னாம்மா பி.காமு, எப்ப மேல வர்ற? ஒனுக்கு ஒரு எடம் போட்டு வெச்சிருக்கறேன், காத்தாடிக்கு நேரா."

"நான் ஏன்கா வரப்போறேன்?"

"வராதவதான் தெனமும் ஆவணி எப்போன்னு காலண்டரப் பாக்கறியா?"

கூடவே எனக்கு வேறு சந்தேகம் வந்தது. ஏழு படமும் சேர்ந்த கடிதம் ரொம்பப் பெரிதோ, அங்கே போய்ச் சேரவில்லையோ என்று. சோதித்துப் பார்க்க, பெட்டியிலிருந்து என்னுடைய சொந்த வலை மெயில் முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து திறந்தேன். கடிதம் இல்லை. மறுநாள் இன்னொன்று அனுப்பினேன். அதுவும் இல்லை. பெட்டியோ, அனுப்பியாயிற்று என்றே சொன்னது. நான் நேசித்த ஒன்று என்னிடம் பொய் சொல்கிறது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அதே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். கல்லூரித் தோழி ஒருத்தி ஒரு மாதத்துக்கு முன் அனுப்பிய முகவரி ஒன்று தேவைப்பட்டது. முதல் பக்கம் முழுக்க, இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்று பயமுறுத்துகிற கடிதங்கள். அடுத்த பக்கம் போனேன், அதற்கடுத்த பக்கம் போனேன். அங்கே தோழியின் கடிதத்துக்குப் பக்கத்தில், நான் அனுப்பிய இரண்டு சோதனைக் கடிதங்களும் சமர்த்தாகப் படுத்திருந்தன. மேலே ஆனித் தேதி.

வலை மெயில் கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்குகிறது. புதியது மேலே, பழையது கீழே. ஆனித் தேதி போட்டு வந்த கடிதத்தை ஆனிக் கடிதங்களோடு கொண்டுபோய் வைத்துவிட்டது. அது செய்ததில் தப்பே இல்லை. சிங்கப்பூர் அம்மாவின் மெயிலிலும் இதுதான் நடந்திருக்கும். நாங்கள் அனுப்பிய அன்றே பத்து நாள் ஆழத்தில் போய் விழுந்திருக்கும். நினைவூட்டல்கள் இன்னும் ஆழத்தில். பழைய பக்கத்தைப் புரட்டிப் புதுக் கடிதம் வந்திருக்கிறதா என்று யார் தேடுவார்கள்? நல்ல நாள் பார்த்து நான் அதைப் புதைத்திருந்தேன். அதுவும் மூன்று தடவை.

வாலாஜாபாத் பஸ் புறப்படுகிற சத்தம் கேட்டது. போகட்டும் என்று விட்டேன். முதலாளியிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இதாண்டா புரோகிராமு என்று நாற்காலியைத் தட்டிய அதே கை, மாடிப்படியைக் காட்டும். அங்கேயே, என் சொந்த முகவரியிலிருந்து, அன்றைய தேதியில் அந்த அம்மாவுக்கு எழுதினேன். இன்ன ஆனித் தேதியிட்டு எங்கள் கடிதம் படங்களோடு உங்கள் மெயிலில் கீழே இருக்கும், தயவுசெய்து பாருங்கள் என்று. அன்று திதி என்ன என்று பார்க்கவில்லை. கடைசியில் கடையின் பெயரைப் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குக் கீழே என் பெயரையும், பெயருக்குப் பக்கத்தில் பி.காம். என்றும் போட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. முதலாளி எடுத்தார். "ஆமாம்மா... ஆமாம்மா... நாப்பதா? சரிம்மா. மயில் கழுத்து நேர்ல பாத்தீங்கன்னா..." என்று அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. பிறகு சட்டென்று, "யாரு? எங்க பொண்ணா? நேத்தா?" என்றார். அதற்குப் பிறகு ஆமாம்மா மட்டும்தான்.

போனை வைத்தார். ஆர்டர் வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"நேத்து கடுதாசி போட்டியா?"

"போட்டேன் சார்."

"நேத்து இன்னா நாளு?"

"செவ்வாய்க்கிழமை சார்."

"ஆடிச் செவ்வா." அவர் மேனேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புதுப் பார்ட்டிக்கு ஆடிச் செவ்வாயில கடுதாசி போட்டிருக்கற. யாரக் கேட்டுப் போட்ட?"

உண்மை ஒரே வாக்கியம்தான். நான் கடிகாரத்தைத் திருப்பினேன், அதனால் கடிதம் புதைந்தது. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்வதில் எனக்கு எப்போதும் பயம் இருந்ததில்லை. வாயைத் திறந்தேன். அந்த நேரம் மாடியில் யாரோ புடவைக் கட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பெட்டி புரோகிராம் சரியில்ல சார்," என்றேன். "கடிதத்த எடுத்துட்டுப் போயி, அந்தம்மா கண்ணுல படாத எடத்துல வெச்சிடுது."

மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு திரையின் மூலையைப் பார்த்தார். தினம் காலையில் நான் கடிகாரத்தைத் திருப்புவதை அவர் நாற்காலியிலிருந்து நன்றாகப் பார்க்க முடியும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"ஆடிச் செவ்வாய்க்கு இன்னா சாமி பண்றது? நாப்பது பொடவ," என்றார் முதலாளி.

"கடுதாசி எழுதினது ஆனியில," என்றார் மேனேஜர். "நேத்து போனது, எழுதியிருக்கோம் பாருங்கோன்னு ஞாபகப்படுத்தினது. கல்யாணப் பத்திரிகை எழுதறதுக்குத்தான் நாள் பாப்போம். தபால் பொட்டில போடறதுக்கா பாக்கறோம்?"

முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். நாற்பது புடவைக்குப் போதுமான யோசனை.

"அதான். எழுதனது ஆனிதான்," என்றார். என் பக்கம் திரும்பினார். "ஒன் வேல ஒனுக்கு இருக்குது போ. ஆனா அந்தப் புரோகிராமு வாணாம். அத்த எடுத்துடு."

"சார், அது... மத்ததெல்லாம் அதுல நல்லாத்தான்..."

"நீதானம்மா சரியில்லன்ன?"

நான்தான் சொன்னேன்.

அன்று மத்தியானமே அறிக்கையை முடித்தேன். பெட்டிக்குப் போட்ட நட்சத்திரங்களையெல்லாம் அடித்துவிட்டு, குறைகள் என்ற கட்டத்தில், 'இதன் வழியாகச் செல்லும் கடிதங்கள் பெறுபவரின் பார்வைக்கு வருவதில்லை' என்று அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். முதலாளி நாலரைப் பக்கத்தையும் வாங்கி, "பெட்டிய பத்தி எங்க எழுதியிருக்கற?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்து, தலையாட்டிவிட்டு, என் முன்னாலேயே எடு என்றார்.

எடுத்தேன். நிச்சயமாக நீக்கவா என்று அது கேட்டது. ஆம் என்றேன். உள்ளே இருக்கிற கடிதங்களும் போய்விடும், பரவாயில்லையா என்று கேட்டது. இத்தனை பொறுமையாக வேறு எந்தப் புரோகிராமும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆம் என்றேன்.

எடுத்து முடித்த பிறகு கடிகாரத்தைச் சரியான தேதிக்கு வைத்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் சிங்கப்பூர் அம்மாவுக்கு நன்றிக் கடிதம் எழுத வலை மெயிலில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு புடவைக்கும் உடல் நிறம், கரை, முந்தானை என்று நாற்பதுக்கும் வரிசையாக அடித்தேன். வெளியே தூறல் போட ஆரம்பித்தது. அவசரமாக அனுப்பு என்று அமுக்கினேன். திரை வெள்ளையாகி, இந்தப் பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்றது. முந்தைய பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். கட்டம் காலி. ஓரத்தில் விளம்பரம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

முதலாளி பின்னால் வந்து நின்றிருந்தார்.

"இன்னாம்மா, எல்லாம் பூட்ச்சா?"

"கொஞ்சம் போயிருச்சு சார்."

"இது நல்ல புரோகிராமுதான?"

"ரொம்ப நல்லது சார்," என்றேன். லைன் வந்ததும் முதல் புடவையிலிருந்து திரும்ப அடிக்க ஆரம்பித்தேன்.